நிலப் படங்களில் லென்ஸின் குறையும் அதன் நிவர்த்தியும்

டிரோன் எடுக்கும் நிலப் படங்களில், நேரான வரப்பும் ஓரத்தில் வில்போல் வளைந்து தோன்றுவதுண்டு. இது நிலத்தின் கோணலன்று; காமிராவின் லென்ஸிலுள்ள குறையேயாகும். அகன்ற பரப்பைக் காட்டும் லென்ஸ்களில், மையத்தினின்று விலக விலக உருவம் சுருங்குவதே இதற்குக் காரணம்.

சதுரங்கப் பலகை போன்ற கட்டமொன்றைப் பல கோணங்களில் படமெடுத்தால், கோடுகளின் வளைவைக் கொண்டு லென்ஸின் குறையை மென்பொருள் கணித்துக்கொள்ளும். பின்னர் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் உரிய இடத்திற்கு நகர்த்தும். இதற்கு அமெரிக்கரான டுவேன் பிரௌன் 1966-லும் 1971-லும் வெளியிட்ட கணித முறையே பெரிதும் கையாளப்படுகிறது.

திருத்துமுன் படத்தின் ஓரங்களை வெட்டலாகாது; வெட்டினால் மையம் மாறிக் கணக்குப் பிழைபடும். மேடுபள்ளத்தால் நேரும் பிழையும் இம்முறையால் நீங்காது. ஆதலால் பரப்பையோ எல்லையையோ முடிவு செய்யுமுன், திருத்திய படத்தையும் தரையிலுள்ள எல்லைக் கற்களோடு ஒத்துப் பார்த்தல் அவசியம். இன்றேல் வழக்கிற்கே இடமுண்டாகும்.