ஊற்றுக்குள் உழைக்கும் கூட்டம்

"ரசாயனம் கலந்தால் கிருமியெல்லாம் செத்துவிடுமே, அப்புறம் தண்ணீர் சுத்தம்தானே?" நிலத்தடி நீர் என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கோளாறு 'கிருமி' என்ற சொல்லில் இருக்கிறது. நிலத்தடியில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நோய் தருவதில்லை. தண்ணீரைத் துப்புரவு செய்வதே அவைதான்.

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் மரவள்ளிக்குப் போடும் யூரியாவைப் பார்க்கலாம். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கீழே இறங்கும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டைத் தின்று நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். அதற்குத் தழை மக்கிய கரிமச் சத்து வேண்டும், நேரமும் வேண்டும். மலையோ சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. விரிசல் வழியே தண்ணீர் விரைந்து ஓடிவிடுகிறது. ஊற்று தெளிவாகத் தெரியும், நைட்ரேட் உள்ளேயே இருக்கும்.

கடும் விஷம் இறங்கினால் நடப்பதைப் பாலாற்றங்கரை காட்டுகிறது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடந்த குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. குரோமேட் செய்வது ஆள்மாறாட்டம். உருவில் சல்ஃபேட் போலவே இருப்பதால், பாக்டீரியா சல்ஃபேட்டுக்குத் திறக்கும் வாசலிலேயே உள்ளே நுழைந்து மரபணுவைச் சிதைக்கிறது. துப்புரவுக் கூட்டம் சாகும், விஷத்தைத் தாங்குபவை பெருகும். உலோகத்தைத் தாங்கும் மரபணுக்களும் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் பல நேரம் ஒரே டி.என்.ஏ. துணுக்கில் ஒட்டியிருக்கும், கவலைக்குரியது அதுதான்.

தப்பிப் பிழைத்தவற்றில் சில, குரோமேட்டிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றி மண்ணில் படியவைக்கும். கலிஃபோர்னியாவின் ஹிங்க்லியில் நிலத்தடிக்குள் எத்தனால் செலுத்தி, இவற்றுக்குத் தீனி போட்டே நீரைச் சரிசெய்கிறார்கள். பாலாற்றங்கரைக்குத் திரும்பினால், அங்கே மாசுபடுத்திய தோல் பதனிடும் ஆலைகள் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீட்டுப் பணத்தால் செத்த கூட்டம் திரும்பி வருவதில்லை. மீண்டும் அதே பேச்சுதான்: அவை கிருமிகள் அல்ல.

வீட்டுக்கு வேண்டியது சுருக்கமாக. கொதிக்கவைத்தால் நைட்ரேட்டும் குரோமியமும் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமையும், குரோமியம் 0.05 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவே கூடாது. பூச்சிமருந்து அடித்த டேங்கை ஊற்றுக்கு அருகில் கழுவ வேண்டாம்.