டைட்டேனியக் கலவைகளின் அரிமானமும் நொறுங்குமையும்: கலைச்சொல் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

அறிவியல் தமிழ் வளர்ச்சியில் பொருநைக் கரைக்குத் தனியிடம் உண்டு. தமிழில் அறிவியலை எழுதிய முன்னோடிகளுள் ஒருவரான பெ.நா. அப்புசாமி 1891இல் பெருங்குளத்தில் பிறந்தவர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுதிக்கு உழைத்தவர்களுள் திருநெல்வேலி இ.மு. சுப்பிரமணிய பிள்ளை குறிப்பிடத்தக்கவர். அம்மரபின் தொடர்ச்சியாக, ஃபுளூரைடு கரைசல்களில் டைட்டேனியக் கலவைகள் அடையும் மாற்றங்களை விளக்கி, அவற்றைக் குறிக்கும் சொற்களின் பொருள் எல்லையை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரமும் உலோகமும்

டைட்டேனியத்தின் முதன்மைத் தாதுக்களுள் ஒன்றான இல்மனைட்டு, தென்தமிழகக் கடற்கரைக் கருமணலில் கலந்துள்ளது. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் இத்தனிமத்தை இனங்கண்டதும் கருமணலிலிருந்தே ஆகும். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் உந்துபொறிகள் சோதிக்கப்படுகின்றன. விண்கலத் துறையில் எரிபொருள் கலன்கள் செய்ய, 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த டைட்டேனியக் கலவை பயன்படுகிறது. பல்வரிசையைச் சீராக்கும் கம்பிகளிலும் டைட்டேனியக் கலவைகள் உண்டு.

அரிமானம்

கரையான் மரத்தை அரிக்கிறது; வெள்ளம் ஆற்றங்கரையை அரிக்கிறது. இரண்டிலும் பொருள் சிறிது சிறிதாகக் குறைகிறது. ‘தேய்மானம்’ போன்று அமைந்த ‘அரிமானம்’ என்னும் சொல்லும் இப்பொருளையே உணர்த்துகிறது. ‘துரு’ இரும்புக்கே உரியது, டைட்டேனியத்திற்குப் பொருந்தாது.

டைட்டேனியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம் தானே உருவாகிக் கடல்நீரிலும் அதனைக் காக்கிறது. அமிலக் கரைசலில் ஃபுளூரைடு ஹைட்ரஜனோடு இணைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடாகிறது. இதன் செறிவு பத்து லட்சத்தில் சுமார் 30 பங்கைக் கடக்கும்போது படலம் சிதைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பல் மருத்துவத்தில் பூசப்படும் அமிலமூட்டிய ஃபுளூரைடு களிம்பில் 1.23 விழுக்காடு ஃபுளூரைடு உள்ளது, அதன் பி.எச். மதிப்பு 3 முதல் 4 வரை அமையும். இந்நிலையில் படலம் தாக்குதலுக்கு உள்ளாகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் குடிநீர் வரம்பிலுள்ள ஃபுளூரைடு, நடுநிலை நீரில் இவ்விளைவைத் தருவதில்லை.

உட்கவர்தலும் நொறுங்குமையும்

படலம் சிதைந்தபின் உலோகம் கரைந்து எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அவற்றை ஏற்று அணுக்களாக உலோகப் பரப்பில் தங்குகின்றன. இது ‘பரப்புக்கவர்தல்’. பல அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து வாயுவாக வெளியேறுகின்றன. சில உலோகத்தினுள் புகுகின்றன. இது ‘உட்கவர்தல்’. ஆல்பா அமைப்புடைய டைட்டேனியத்தில் ஹைட்ரஜன் மிகக் குறைவாகவே கரைவதால், எளிதில் உடையும் ஹைட்ரைடு உருவாகிறது. பீட்டா அமைப்பு மிகுதியான ஹைட்ரஜனைத் தன்னுள் ஏற்கிறது. இவ்வாறு உலோகம் வளையுந்தன்மை இழந்து ஒடியும் நிலையே ‘நொறுங்குமை’ எனப்படுகிறது.

2000களின் முற்பகுதியில் யோகோயாமா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் நிக்கல்–டைட்டேனியக் கம்பிகளை ஃபுளூரைடு கரைசலில் இழுவிசைக்கு உட்படுத்தினர். விசை மாறாதிருந்தும் கம்பிகள் சிறிது காலம் தாங்கிப் பின்னர் முறிந்தன. நடுநிலைக் கரைசலிலும் இம்முறிவு நேர்ந்தது.

சொல் வேறுபாட்டின் தேவை

இம்முறிவை ‘அரிப்பினால் ஒடிந்தது’ என்று மட்டும் எழுதுவது போதாது. அரிமானத்தை எடைக் குறைவு காட்டும்; உட்கவர்தலை எடைக் குறைவைக் கொண்டு அறிய இயலாது. இரண்டும் வேறு என்பதற்குத் தொழிற்சாலை நடைமுறையே சான்று. டைட்டேனியப் பரப்பைத் தூய்மை செய்யும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தோடு, அதனினும் ஏறத்தாழ பத்து மடங்கு நைட்ரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. நைட்ரிக் அமிலம் எலக்ட்ரான்களை ஏற்பதால் ஹைட்ரஜன் உட்புகுதல் பெரிதும் குறைகிறது. ஆயினும் உலோகம் கரைவது தொடர்கிறது. அரிமானம் நிகழ, உட்கவர்தல் தடுக்கப்படுகிறது.

முடிவுரை

பரப்பில் நிகழும் இழப்பை ‘அரிமானம்’ என்றும், உள்ளே நிகழும் ஏற்பை ‘உட்கவர்தல்’ என்றும், அதன் விளைவை ‘நொறுங்குமை’ என்றும் வரையறுத்து வழங்குதல் வேண்டும். முறிந்த கம்பியின் காரணத்தைத் தமிழில் தேடும் மாணவர், ‘அரிப்பு’ என்ற ஒரு சொல்லால் மூன்றையும் குறித்தால், பரப்பை மட்டும் ஆராய்ந்து நின்றுவிடுவார். காரணமோ உலோகத்தின் உள்ளே இருக்கும்.