நிரல் உரைதிருத்தியில் நெடிய உரைநடை: வரி, வாக்கியம், சந்தி

நிரல் எழுதுவதற்கென அமைந்த உரைதிருத்திகளுக்கு வரியே அடிப்படை அலகு. பிழைச்செய்தி வரி எண்ணைச் சுட்டுகிறது. இரு வடிவங்களை ஒப்பிடும் கருவி வரிக்கு வரி ஒப்பிடுகிறது. உரைநடையில் வரி என்பது தாளின் அகலத்தால் நேர்வது. மொழி அலகு அன்று. எனவே இத்தகைய கருவியை நூல் மொழிபெயர்ப்புப் போன்ற நெடும்பணிக்கு ஆயத்தப்படுத்துவோர் அதன் அலகுகளை மறுவரையறை செய்ய வேண்டியவராகின்றனர். 1985இல் வெளிவந்த க்னூ ஈமாக்ஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

ஈமாக்ஸ் இயல்பு நிலையில் நீண்ட வரியைச் சாளர விளிம்பில் சொல்லின் நடுவிலேயே மடக்கும். ‘விஷுவல் லைன் மோட்’ என்னும் அமைப்பை இயக்கினால் சொல்லிடைவெளியில் மடக்கும். பத்தியை 70 இட அகலத்தில் வெட்டி நிரப்பும் வசதியும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையன அல்ல ஆதலின், இவ்வெண்ணிக்கை தமிழுக்குப் பொருந்துவதில்லை. அன்றியும், ஒரு சொல்லைத் திருத்திப் பத்தியை மீண்டும் நிரப்பினால் பின்வரும் வரிகள் யாவும் இடம்பெயர, ஒப்பீட்டுக் கருவி பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என எழுதுவதே சிறந்த வழி. பிரையன் கெர்னிகன் 1974இலேயே இதனைப் பரிந்துரைத்துள்ளார். லேடெக் போன்ற அச்சமைப்பு நிரல்கள் இவ்வரிகளைத் தாமே பத்தியாக இணைத்துக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் பிறிதொரு பயனும் உண்டு. மூலமும் பெயர்ப்பும் வரி எண்ணால் இணையாகச் செல்லும். மூலத்தின் மூன்று வாக்கியங்கள் தமிழில் வினையெச்சத் தொடர்களால் ஒன்றாகும் இடத்தில் எண்கள் பிறழும். வாக்கிய அமைப்பு மாற்றப்பட்ட இடங்களுக்கு அப்பிறழ்வே சான்றாகும்.

முற்றுப்புள்ளியை அடுத்து இரண்டு இடைவெளி இருந்தாலோ வரி முடிந்தாலோதான் ஈமாக்ஸ் அதனை வாக்கிய முடிவாகக் கொள்ளும். இது பழைய ஆங்கிலத் தட்டச்சு மரபு. ‘சென்டென்ஸ் எண்ட் டபுள் ஸ்பேஸ்’ என்பதை நீக்கினால் ஓர் இடைவெளியே போதும். ஆயின் ‘உ. வே. சாமிநாதையர்’ என்பது மூன்றாக உடைபடும். முன்னெழுத்துகளை இடைவெளியின்றி எழுதுவது நன்று.

எழுத்தை அழிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பின்னழிப்பு விசை ‘கி’யில் உயிர்க்குறியை மட்டும் நீக்கும், முன்னழிப்பு விசை உயிர்மெய்யை முழுதும் நீக்கும். இதனைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. ‘கி’யைக் ‘கீ’ ஆக்குவோர்க்கு முன்னதே வசதி.

மிகுந்த இடர் தருவது மாற்றீட்டுக் கட்டளையே. நூல் முழுவதும் ‘புத்தகம்’ என்பதை ‘நூல்’ என மாற்றும்போது ‘புத்தகத்தை’ தப்பிவிடும். ‘அந்தப் புத்தகம்’ என்பதோ ‘அந்தப் நூல்’ ஆகும். நிரலில் ஒரு பெயரை மாற்றினால் அதற்கு முன்னுள்ள பெயர் மாறுவதில்லை, தமிழில் மாறும். திருத்தியபின் சொல்வாரி ஒப்பீடு செய்தாலும் ‘அந்தப்’, ‘அந்த’ ஆகியன வெவ்வேறு சொற்களாகவே காட்டப்படும். எஞ்சிய பிழைகளைத் தேட ஒரு தேடுகோவை போதும்: ‘ப்’, ஓர் இடைவெளி, அதன்பின் ‘ப’ அல்லாத ஏதேனும் ஒரு குறி. ஒருங்குறியில் ‘பா’, ‘பி’ முதலியனவும் ‘ப’வில் தொடங்குவதால் முறையான சந்திகள் இதில் சிக்குவதில்லை. ‘க்’, ‘ச்’, ‘த்’ ஆகியவற்றுக்கும் இவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். ‘கப்’ போன்ற பிறமொழிச் சொற்கள் சில சிக்கும். அவற்றைக் கண்ணால் பார்த்தே விலக்க வேண்டும்.