சைட்டுக்கு என்ன துரு?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஜார்ஜ் டவுன் தெருக்களில் திணறிக்கிட்டிருந்த இரும்பு வியாபாரத்துக்காக சி.எம்.டி.ஏ. அமைத்த இடம். டிரெய்லர் லாரி, எடைமேடை, மலை மலையாக ஆங்கிள், சேனல், டி.எம்.டி. கம்பி... அங்கே நமக்கென்ன வேலைங்கிறீங்களா? நானும் என் கிளாஸ்மேட்டும் வெப்சைட் விற்கப் போனோம்!

"உங்க பழைய சைட்டைத் தூக்கிட்டுப் புதுசு பண்ணித் தர்றோம் அண்ணாச்சி. இருபதாயிரம்தான்!"

"எதுக்குத் தம்பி மாத்தணும்?"

"பழசா இருக்கே..."

"நான்கூடத்தான் பழசா இருக்கேன்!"

அசடு வழிந்தோம். அவரே ஒரு கம்பியைக் காட்டினார். "இது மேல் துரு. பிரஷ் போட்டுத் தேய்ச்சா போயிடும். அதோ கிடக்கே, அது உள்ளே தின்ன துரு. ஸ்கிராப்புதான். என் சைட்டுக்கு எந்தத் துருன்னு பார்த்துச் சொல்லுங்க!"

நாலு வருஷ இன்ஜினீயரிங்ல யாரும் இப்படிச் சொல்லித் தரலை பாஸ்! அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து பிரிச்சோம்.

மேல் துரு எது?

* ஏழு இலக்க லேண்ட்லைன் நம்பர், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் மாறாத டின் நம்பர். ரெண்டு வரி திருத்தினால் முடிஞ்சது.

* அட்ரஸுக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பில்லை' என்கிற எச்சரிக்கை. 2018 ஜூலையில் இருந்து குரோம் இதைக் காட்டுது. இலவச சர்டிஃபிகேட்டே கிடைக்குது.

* போனில் திறந்தால் தமிழ் எழுத்து கன்னாபின்னாவென்று தெரியுதா? பழைய ஃபான்ட் முறையில் அடிச்சிருப்பாங்க. யூனிகோடுக்கு மாற்றினால் போதும்.

தின்ன துரு எது?

* முழுக்க ஃபிளாஷில் செய்த சைட். 2020 டிசம்பரோடு அடோபி அதைக் கைவிட்டாச்சு. கஸ்டமர் கண்ணுக்கு வெறும் காலிக் கட்டம்தான்!

* போனில் படிக்கவே முடியாத, சரிசெய்யவும் வழியில்லாத டிசைன். 2015 ஏப்ரலில் இருந்தே போனில் தேடுறவங்களுக்கு, போனுக்கு ஏத்த பக்கங்களைத்தான் கூகுள் முன்னே தள்ளுது.

* இரும்பு ரேட் அடிக்கடி மாறும். ஒரு ரேட்டை மாத்தக்கூட டிசைனரைத் தேடணும்னா, அந்த சைட் ஓனருக்கே பாரம்.

அண்ணாச்சி சைட்டில் இருந்தது எல்லாம் மேல் துரு! இருபதாயிரம் பணால். உண்மையைச் சொல்வதா, வேண்டாமா? கிளாஸ்மேட் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கடைசியில் சொல்லிட்டோம். மூவாயிரத்துக்கு ரிப்பேர். சிரிச்சுக்கிட்டே, "பக்கத்துக் கடையையும் பாருங்க" என்று அனுப்பினார். அங்கே அசல் ஃபிளாஷ் சைட். முழுசா மாத்தற வேலை எங்களுக்கே!

அப்பா கடையோ, மாமா கம்பெனியோ... நீங்களும் இந்த வேலையில் இறங்கினால் ரெண்டு விஷயம் மறக்காதீங்க. டொமைன் யார் பெயரில் இருக்குன்னு முதல்லயே பாருங்க. பழைய டிசைனர் பெயரில் இருந்து, அவர் புதுப்பிக்காமல் விட்டால் கடையின் பெயர்ப்பலகையே போச்சு! அப்புறம், பழைய பக்கங்களின் முகவரியைப் புதுசுக்குத் திருப்பிவிடுங்க. இல்லாவிட்டால் பழைய கஸ்டமர் வந்து மூடின கதவில்தான் முட்டுவார்.

புதுசு போடறது யாருக்கும் வரும் ஃப்ரெண்ட்ஸ். 'இது போதும் அண்ணாச்சி' என்று சொல்லத்தான் கொஞ்சம் தில் வேணும்!