நிலச்சம்பங்கி ஏன் பூக்கவில்லை?

வீட்டுத் தோட்டம் என்றவுடன் கத்தரி, வெண்டை, முருங்கை ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. காய்கறிக்கு அடுத்தபடியாக, ஒரு குடும்பத்தின் அன்றாடச் செலவிற்கு உதவக்கூடியது பூச்செடியேயாகும். அவற்றுள்ளும் நிலச்சம்பங்கிக்குத் தனிச் சிறப்பு உண்டு. மல்லிகையைப் போல் இதற்குக் கவாத்து வேண்டுவதில்லை. ஒரு முறை நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் பலன் தரும். மாலை கட்டுவோர் இதனைத் தேடி வாங்குவர். சத்தியமங்கலம், நிலக்கோட்டை முதலிய வட்டாரங்களில் இதனைப் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளன.

ஆயினும், நாம் சுற்றுப்பயணம் செல்லும் ஊர்களில் ஒரே முறையீட்டைப் பலகாலும் கேட்கிறோம். "கிழங்கு வாங்கி நட்டோம், இலை செழித்து வளர்ந்திருக்கிறது, பூ மட்டும் வரவில்லை" என்பதே அம்முறையீடு.

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் மகளிர் குழுவினர் கடன் பெற்று, ஆனி மாதத்தில் தங்கள் கொல்லைப்புறங்களில் நிலச்சம்பங்கி நட்டனர். நட்ட மூன்று, நான்கு மாதங்களில் கதிர் தோன்ற வேண்டும். ஐப்பசி கழிந்தது, தையும் பிறந்தது. ஓரிரு வீடுகளைத் தவிர வேறெங்கும் கதிர் காணப்படவில்லை. கடன் தவணையோ மாதந்தோறும் தவறாது வந்தது. செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் இட்டுவிட்டு வெண்டை விதைப்பதென முடிவு செய்த நிலையில் அவர்கள் நம்மிடம் வந்தனர். பிடுங்க வேண்டாம் என்று கூறினோம். அதற்கான காரணத்தையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

கிழங்கு ஒரு குதிர்

வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் ஒன்றினுள் ஒன்றாகப் பல அடுக்குகள் தெரியும். அவை இலைகளின் அடிப்பாகங்களேயாகும். வெயிலின் துணைகொண்டு இலை சமைக்கும் உணவில், செடியின் அன்றாடத் தேவைக்குப் போக எஞ்சியது அவ்வடுக்குகளில் சேர்கிறது. நிலச்சம்பங்கியின் கிழங்கும் இத்தகையதே. குதிரில் நெல் நிறைந்த பின்னரே குடியானவர் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுகிறது. அதுபோலக் கிழங்கில் உணவு நிறைந்த பின்னரே செடி கதிர் விடுகிறது. நிறையாத கிழங்கு இலையை மட்டும் விட்டு, தன்னைப் பெருக்கிக் கொள்வதிலேயே காலத்தைச் செலவிடும்.

எனவே, இன்று பூ வராமைக்குக் காரணத்தை இன்றைய நீரிலும் உரத்திலும் மட்டும் தேடுதல் போதாது. அக்கிழங்கு சென்ற பருவத்தில் எங்கே, எவ்வாறு வளர்ந்தது என்பதையும் நோக்க வேண்டும்.

மற்றோர் உண்மையும் அறியத் தக்கது. நிலச்சம்பங்கியின் ஒரு கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்த கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் தோன்றி, அவை முதிர்ந்து அடுத்த கதிர்களை விடுகின்றன. வேலியோரத்து ஆனைக்கற்றாழை ஒரே ஒரு நெடுங்கம்பத்தை விட்டுப் பூத்து மடிவதையும், அதன் அடியில் கன்றுகள் நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம். நிலச்சம்பங்கியும் அக்குலத்தைச் சேர்ந்ததே. ஆகவே, ஏற்கெனவே பூத்து ஓய்ந்த தாய்க் கிழங்கை விலை கொடுத்து வாங்கி நட்டால் அதனிடமிருந்து மீண்டும் கதிரை எதிர்பார்த்தல் வீணாகும்.

பூவாமைக்குரிய காரணங்கள்

முதற்காரணம் கிழங்கின் சிறுமை. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கே நடவிற்கு ஏற்றதென்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதாவது, ஒரு கிலோவில் 33 முதல் 40 கிழங்குகளே நிற்க வேண்டும். சின்ன வெங்காயம் போன்றவை நூறு நின்றால், அவை இவ்வாண்டு பூப்பதற்குரியவை அல்ல, நாற்றங்காலுக்குரியவை.

இரண்டாவது நிழல். தென்னை, முருங்கை ஆகியவற்றின் அடியில் இடம் சும்மா கிடக்கிறதென்று கிழங்கை நடுகிறோம். நிலச்சம்பங்கிக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். நிழலில் இலை நீண்டு பசுமையாகத் தோன்றுமேயன்றிக் கிழங்கு நிறையாது.

மூன்றாவது இலையை அறுத்தல். பூப் பறித்த பின் கொல்லை துப்புரவாக இருக்கட்டும் என்று பச்சை இலைகளை அறுத்து விடுவோர் உளர். கன்றுக்குட்டி மேய்வதைக் கவனியாதிருப்போரும் உளர். பூத்து முடிந்த தண்டை அறுக்கலாம். பச்சை இலையை அறுப்பதோ குதிருக்கு நெல் வரும் வழியை அடைப்பதாகும்.

நான்காவது தழைச்சத்தின் மிகுதி. இலை வெளுத்தால் யூரியா, பூ வராவிட்டால் மேலும் யூரியா என்னும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி விட்டது. இப்பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவில் வேண்டும். தழைச்சத்தை மட்டும் பெய்தால் இலையே மிகும். ஒரு சென்ட் நிலத்திற்குச் சுமார் 100 கிலோ மக்கிய தொழுவுரத்தை நடவிற்கு முன் இடுதல் நலம்.

ஐந்தாவது நெருக்கம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் தோண்டாது விட்ட குத்தில் குட்டிகள் ஒன்றையொன்று நெருக்கி, எதுவும் பருக்காமல் போகும். அவற்றைத் தோண்டி, பெரியது சிறியது பிரித்து, நிழலில் 30 நாள் ஓய்வு கொடுத்து, வேறிடத்தில் நட வேண்டும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் இடைவெளியும் ஓர் அங்குல ஆழமும் போதுமானவை. இக்கணக்கின்படி ஒரு சென்ட்டிற்குச் சுமார் 450 கிழங்குகள் தேவைப்படும். அவற்றின் எடை 11 கிலோவிற்குக் குறையலாகாது.

ஆறாவது தேங்கும் நீரும் வேர்முடிச்சு நூற்புழுவும். குளியலறை நீர் பாய்ந்து சதா ஈரமாயிருக்கும் இடத்தில் கிழங்கு அழுகும். செடி குன்றி இலை மஞ்சளித்தால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சுகள் காணப்படின் அது நூற்புழுவின் வேலை. அப்பாத்தியில் மீண்டும் இதனை நடாது செண்டுமல்லி பயிரிடலாம்; அங்கிருந்து கிழங்கு எடுத்துப் பிறருக்குக் கொடுத்தலும் தகாது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அளித்த சிருங்கார் என்னும் இரகம் இப்புழுவை ஓரளவு தாங்கக் கூடியது.

இவை எதுவும் இல்லாதவிடத்தும் மார்கழிப் பனியில் பூ குறைதல் இயல்பே. அதனைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை.

குளிர்நாட்டுக் கிழங்குகள்

எத்துணை கவனித்தாலும் நம் ஊரில் தானே பூவாத கிழங்குகளும் உண்டு. காஷ்மீரத்திற்குச் சுற்றுலா செல்வோர், ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகே 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துலிப் தோட்டத்தைக் கண்டு வியந்து, அவ்வகைக் கிழங்குகளை விலைக்கு வாங்கி நட்டுப் பார்க்கின்றனர். துலிப்பின் பூமொட்டு முந்தைய கோடையிலேயே கிழங்கினுள் உருவாகி விடுகிறது. ஆயினும், ஏறக்குறைய 9 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரில் 12 முதல் 16 வாரங்கள் இருந்தாலன்றி அதன் தண்டு நீளாது. அங்கே இலையுதிர் காலத்தில் நட்டவை பனிக்காலம் முழுவதும் மண்ணில் குளிர்ந்திருந்து மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் பூக்கின்றன. நம் சமவெளியில் அக்குளிர் இல்லாமையால் மொட்டு உள்ளேயே கருகிப் போகிறது. இத்தகைய கிழங்குகளுக்காகக் குழுப் பணத்தைச் செலவிடுதல் தகாது என்பதை வற்புறுத்திக் கூறுகிறோம்.

சிற்றூரில் கண்டதும் கற்றதும்

மேற்கூறிய சிற்றூருக்கு நாம் சென்றபோது ஒரு குத்தின் பக்கத்தை மட்டும் தோண்டிப் பார்த்தோம். நட்டபோது கிழங்குகள் சின்ன வெங்காய அளவே இருந்தன என்று பெண்கள் கூறினர்; அப்பொழுதுதான் அவை நெல்லிக்காய் அளவை எட்டிக்கொண்டிருந்தன. எண்ணிக்கைக்கு விலை பேசி வாங்கினரேயன்றி எவரும் எடை பார்க்கவில்லை. எங்கே விலை குறைவோ அங்கே வாங்குங்கள் என்று அறிவுரை கூறியவர்கள் நாமே. இதனை மறைத்துப் பயனில்லை.

யூரியாவை நிறுத்தி, தொழுவுரமும் சாம்பலும் இட்டு, நிழல் தரும் கிளைகளைக் கழித்தனர். வைகாசியில் முதற்கதிர்கள் தோன்றின. ஆடிக்குள் பெரும்பாலான வீடுகளில் பூ வந்தது. தென்னையடியில் நட்டவை மட்டும் இலையோடு நின்றன. அவற்றை வெயிலுக்கு மாற்றினர். ஆனால், நம்மைக் காண்பதற்கு முன்னரே செடிகளைப் பிடுங்கிவிட்ட சில வீட்டாருக்குக் கடன் ஒன்றே மிஞ்சியது. அவர்களுக்கு ஏனையோர் தங்கள் குட்டிக் கிழங்குகளைப் பகிர்ந்தளிக்க ஒப்புக்கொண்டனர்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதனின்றும் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவதாக, குழுக்கள் கிழங்கு வாங்கும்பொழுது தராசை முன்வைத்து, கிலோவிற்கு எத்தனை என்று பார்த்து வாங்கச் செய்தல். இரண்டாவதாக, வெயில் படும் பொது நிலத்தில் ஓரிரு சென்ட்டை ஒதுக்கி, சிறு கிழங்குகளை ஒரு பருவம் வளர்க்கும் நாற்றங்காலாக்குதல். மூன்றாவதாக, பழைய குத்துகளைத் தோண்டுவோர் மிகுதிக் கிழங்குகளை ஊருக்குள்ளேயே மாற்றிக் கொள்ள வழிசெய்தல். இவை நடைபெறின் அடுத்த ஆனியில் கிழங்கிற்கென்று வெளியூருக்குப் பணம் போகாது.

பூவாத பாத்தியைக் கண்டவுடன் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். ஒரு பக்கம் மண்ணை விலக்கிக் கிழங்கைப் பாருங்கள். அது சிறிதாயின் பொறுத்திருங்கள். நெருங்கியிருப்பின் பிரித்து நடுங்கள். அழுகியிருப்பின் மட்டும் அகற்றுங்கள். இவ்வாண்டு இலையைக் காத்தவரே அடுத்த ஆண்டு கதிரை அறுப்பார்.