போதிக்கும் அனுமதி ஒரு கை, சம்பளம் இன்னொரு கை

1967 ஏப்ரல் மாதம். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பும் நடக்கவில்லை. மாணவர்களும் பேராசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். குருக்களும் கன்னியரும் அவர்களோடு நின்றார்கள். எல்லாம் சார்லஸ் கரன் என்ற 33 வயது குருவானவருக்காக. ஒழுக்கநெறி இறையியல் கற்பித்த அவருக்குப் பதவி உயர்வு தரலாம் என்று சக பேராசிரியர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். பேராயர்கள் நிறைந்த ஆட்சிக்குழுவோ அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தது. காரணம் சொல்லவில்லை; அவரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை.

ஏப்ரல் 24 மாலை, பல்கலைக்கழக வேந்தரான பேராயர் ஓபாயில் வளாகத்தின் நூலகப் படிக்கட்டில் கூடியிருந்தவர்கள் முன்னால் வந்து, முடிவு திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். பதவி உயர்வும் கிடைத்தது.

போராடிய அனைவருக்கும் கரனின் கருத்துகளில் உடன்பாடு இருந்தது என்று சொல்ல முடியாது. பொறியியல் துறைக்காரருக்குக் கருத்தடை பற்றிக் கரன் எழுப்பிய இறையியல் வாதம் எதற்கு? ஆனால், காரணம் சொல்லாமல் ஒருவரை வெளியே அனுப்ப முடியுமென்றால் நாளை அதே கதி தனக்கும் வரும் என்பது எந்தத் துறைக்காரருக்கும் புரிந்தது. கல்விசார் சுதந்திரம் என்ற பெரிய சொல்லுக்கு நடைமுறையில் பொருள் இதுதான். வாத்தியார் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பதல்ல. அவர் பேசியது சரியா தவறா என்பதை, அந்தத் துறை தெரிந்தவர்கள், அவர் தரப்பையும் கேட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த விதியின்படி தீர்மானிக்க வேண்டும் என்பது.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. விசுவாசத்துக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தன் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை அதற்கு இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் 1940ஆம் ஆண்டு அறிக்கையில் இதற்கு இடம் விட்டது. மத நோக்கத்துக்காகச் சுதந்திரத்துக்கு வரம்பு வைப்பதானால், வேலையில் சேரும்போதே அதைத் தெளிவாக எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சேர்ந்து பத்து வருடம் கழித்து எல்லைக்கோட்டை நகர்த்தக் கூடாது.

வேலைநிறுத்தம் முடிந்த மூன்றாம் மாதம், கத்தோலிக்கக் கல்வியாளர்களே ஒரு படி முன்னே போனார்கள். நோட்ர டாம் பல்கலைக்கழகத் தலைவர் தியடோர் ஹெஸ்பர்க் தலைமையில் விஸ்கான்சினின் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற ஊரில் கூடி, கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் உண்மையான பல்கலைக்கழகமாக இருக்க வேண்டுமானால் வெளி அதிகாரம் எதிலிருந்தும் அதற்குத் தன்னாட்சி வேண்டும், அந்த அதிகாரம் திருச்சபையாக இருந்தாலும் சரி என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1968 ஜூலையில் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையைத் தடைசெய்யும் சுற்றுமடலை வெளியிட்டார். மறுநாளே கரனும் சக இறையியலாளர்களும் மாற்றுக் கருத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டார்கள். பல்கலைக்கழகம் இந்த முறை அவசரப்படவில்லை. பேராசிரியர்களைக் கொண்ட குழு ஒன்று விசாரித்தது. கரனும் சகாக்களும் தங்கள் பொறுப்பை மீறவில்லை என்று 1969இல் அந்தக் குழு முடிவு சொன்னது. வேலையும் நிலைத்தது. இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதி இதுதான். ஆயர்களின் பல்கலைக்கழகத்திலேயே முறையான விசாரணை நடக்க முடிந்தது. அதனால் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1979இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கரனின் எழுத்துகளை ஆராயத் தொடங்கியது. 1986இல் அப்பேராயத்தின் தலைவர் கர்தினால் யோசப் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், கரன் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று அறிவித்தார். 1987 தொடக்கத்தில் பாடம் எடுப்பது நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் அவருக்கு நிரந்தரப் பணி இருந்தது. அவர் வழக்குப் போட்டார். திருப்பீடத்துடன் பல்கலைக்கழகத்துக்கு உள்ள உறவு அவரது ஒப்பந்தத்தையும் கட்டுப்படுத்தும் என்ற அடிப்படையில் 1989இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மறு ஆண்டு பேராசிரியர் சங்கம் பல்கலைக்கழகத்தைக் கண்டனப் பட்டியலில் சேர்த்தது. கண்டனம் வேலையைத் திருப்பித் தராது.

ஜெர்மனியின் டியூபிங்கனில் ஏறக்குறைய இதே நிலை வேறு விதமாக முடிந்தது. திருத்தந்தையின் தவறா வரத்தைக் கேள்வி கேட்ட ஹான்ஸ் க்யூங், 1979 டிசம்பரில் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் அனுமதியை இழந்தார். ஆனால் அனுமதி திருச்சபையுடையது, பேராசிரியர் பதவி அரசுப் பல்கலைக்கழகத்துடையது. எனவே அவர் நடத்திய கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனம் கத்தோலிக்கத் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. அவர் 1996இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார். 'இவர் எங்கள் பெயரில் பேசவில்லை' என்று திருச்சபையால் சொல்ல முடிந்தது. அவர் வீட்டு அடுப்பில் அதனால் கை வைக்க முடியவில்லை.

கோட்பாட்டுத் தீர்ப்பையும் பிழைப்பையும் இப்படிப் பிரித்து வைப்பதுதான் பாதுகாப்பின் மையம் என்பேன். தனியார் கிறிஸ்தவக் கல்லூரிகளில் இந்தப் பிரிவு மெலிதாகவே இருக்கிறது. இல்லினாயின் வீட்டன் கல்லூரியில் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் விசுவாச அறிக்கையில் கையெழுத்திடுகிறார்கள். 2015 டிசம்பரில் அங்கே அரசியல் அறிவியல் கற்பித்த லாரிசியா ஹாக்கின்ஸ், முஸ்லிம்களுக்கு ஆதரவாக ஹிஜாப் அணிந்து, நாமும் அவர்களும் வணங்குவது ஒரே கடவுளை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். சில நாள்களிலேயே கட்டாய விடுப்பு. ஜனவரியில் பணிநீக்க நடவடிக்கை. அவர் கையெழுத்திட்ட அறிக்கையில் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் ஒரு வரிகூட இல்லை. வாசகத்துக்கு யார் பொருள் சொல்வது என்பதுதான் சண்டையே. ஆசிரியர் மன்றம் ஒருமனதாக நடவடிக்கையைக் கைவிடச் சொன்னது. கல்லூரியின் கல்விப் பொறுப்பாளர் ஹாக்கின்ஸிடம் மன்னிப்புக் கேட்டு, தான் தொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றார். ஆனாலும் 2016 பிப்ரவரியில் ஹாக்கின்ஸ் கல்லூரியை விட்டுப் போனார். முறையான விசாரணை முதலிலேயே நடந்திருந்தால் இரு தரப்பும் இவ்வளவு காயப்பட்டிருக்காது.

அதனால்தான் இப்படிப்பட்ட கல்லூரியில் சேரும் இளம் ஆசிரியருக்கு நான் சொல்வது: விசுவாச அறிக்கையை மட்டும் படிக்காதீர்கள், அதற்கு அடுத்த பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். புகார் வந்தால் விசாரிப்பது யார், புகார் சொன்னவரே தீர்ப்பும் சொல்வாரா, விசாரணை முடியும்வரை சம்பளம் வருமா, மேல்முறையீடு உண்டா? இவை எழுத்தில் இல்லையென்றால் மற்ற வாக்குறுதிகள் கல்லூரித் தலைவர் மாறும்வரைதான்.

கரனுக்கு அடுத்த வேலை எளிதாகக் கிடைக்கவில்லை. அலபாமாவின் ஆபர்ன், அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தும், அவருக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது. 1991இல் டல்லாஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. மெதடிஸ்ட் சபையார் தொடங்கிய அந்த வளாகத்தில் 2014 வரை ஒழுக்கநெறி கற்பித்தார். அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் கத்தோலிக்கக் குருவானவராகவே இருந்தார். வாஷிங்டனில் கத்தோலிக்க இறையியல் படிக்க வந்தவர்களுக்குத்தான் அவருடைய வகுப்பு கிடைக்கவில்லை.