இடைவெளி விட்டால் ஆபத்து விலகுமா?

காலையில் ஒரு மாத்திரை. இரவில் ஒரு மாத்திரை. நடுவே 12 மணி நேரம். "இரண்டும் சந்திக்கவே போவதில்லை. பிறகு என்ன பயம்?" என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்த நினைப்பே சிலருடைய உயிருக்கு உலை வைத்துவிடும்!

எலி மருந்து!

இருதயத்தில் செயற்கை வால்வு வைத்துக் கொண்டவர்களுக்கு டாக்டர்கள் 'வார்பரின்' மாத்திரை கொடுக்கிறார்கள். காலில் இரத்தம் கட்டியவர்களுக்கும் கொடுப்பது உண்டு. இரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் மருந்து அது.

1948-ம் ஆண்டில் அமெரிக்காவில் இது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கும் கொடுக்க அனுமதி கிடைத்தது. 1955-ல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதையே கொடுத்தார்கள்.

அளவோடு இருந்தால் உயிரைக் காக்கும். அளவு மிஞ்சினால் உடம்புக்குள் இரத்தம் கசியும்.

ஈரலில் நடப்பது என்ன?

தினமும் சாப்பிடும் வார்பரினை ஈரல் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து வெளியேற்றுகிறது. படை, வாயில் வெள்ளைப் படலம் போன்ற பூஞ்சை நோய்களுக்குக் கொடுக்கும் 'புளூகோனசோல்' மாத்திரை அந்த வேலையைத் தடுக்கிறது.

தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. வெளியேறும் துவாரம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தொட்டி நிரம்பி வழியும். அதே கதைதான்.

தைராய்டு மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் 4 மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் பலன் உண்டு. அவை மோதுவது வயிற்றில். இங்கே மோதல் ஈரலில்! ஒரு புளூகோனசோல் மாத்திரையில் பாதி உடம்பை விட்டு நீங்கவே சுமார் 30 மணி நேரம் ஆகும். வார்பரினுக்குச் சுமார் 40 மணி நேரம். 12 மணி இடைவெளி எந்த மூலைக்கு?

செய்ய வேண்டியது

முதல் நாளில் ஒன்றும் தெரியாது. சில நாட்களில் இரத்தம் உறையும் தன்மை குறைந்துகொண்டே போகும். அதை 'ஐ.என்.ஆர்.' என்ற இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். புது மருந்து தொடங்கிய சில நாட்களுக்குள் பரிசோதனை தேவை. டாக்டர் வார்பரின் அளவைக் குறைக்கக்கூடும். பூஞ்சை மருந்தை நிறுத்திய பிறகும் பரிசோதனை தேவை. அப்போது அளவை மறுபடியும் கூட்ட வேண்டி வரலாம்.

வாயில் தடவும் 'மைகோனசோல்' மருந்தும் இப்படிச் செய்யும். "தடவுவதுதானே!" என்று அலட்சியம் கூடாது.

பல் ஈறில் இரத்தம், உடம்பில் நீலத் திட்டு, கறுத்த மலம், சிவந்த சிறுநீர், கடுமையான தலைவலி — இவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பயந்துபோய் வார்பரினைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. வால்வில் இரத்தம் கட்டிவிடும்.

மருந்துக் கடையில் எந்த மருந்தை வாங்கினாலும், "நான் வார்பரின் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். கடிகாரம் காப்பாற்றாது, அந்த ஒரு வார்த்தை காப்பாற்றும்!